மண்டபத்து வீட்டுக்கு எது: கேபிளா, டிஷ்ஷா, இணையமா?

அக்காள், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வீடு கட்டுகிறாள். வடகடலிலிருந்து முந்நூறு அடி தள்ளி மனை. சுவர் எழும்பிவிட்டது, பூச்சு வேலை தொடங்கவேண்டும், அதற்குமுன் சுவருக்குள் குழாய் பதிக்க வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் நெருக்குகிறார். "தம்பி, டிவிக்கு என்ன போடலாம்? கேபிளா, டிஷ்ஷா, இன்டர்நெட்டா? இதிலேயே ஊறியவன் நீதான், நீயே சொல்" என்று போன வாரம் கேட்டாள். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கச்சிமடத்தில் என் வீட்டில் மூன்றையும் வைத்துப் பார்த்தவன் நான். ஒவ்வொன்றும் என்னை ஒருமுறையாவது கைவிட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேறு மாதத்தில்.

அந்த வீட்டில் யார் என்ன பார்ப்பார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அத்தைக்கு, அதாவது அக்காளின் மாமியாருக்கு, சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்தால் பத்து மணி வரை தொடர்கள். மருமகனுக்கு, அதாவது அக்காள் மகனுக்கு, கிரிக்கெட், அதற்கு அடுத்தபடி கபடி. மச்சான், அக்காளின் கணவர், விசைப்படகில் போகிறவர். கரையில் இருக்கும் நாளில் மகனோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். அக்காளுக்குச் செய்தி. கடலுக்குப் போன படகு திரும்பும் நாளில் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து செய்திச் சேனலைப் போட்டுவிடுவாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரையின் அடியில் ஓடும் வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். "ராமேஸ்வரம் மீனவர்கள் கைது" என்று அந்த வரி ஓடினால் எத்தனை படகு, எந்த ஊர் என்று தெரியும்வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். இந்தக் கடற்கரையில் பல வீடுகளில் தொலைக்காட்சிக்கு இதுவும் ஒரு வேலை. கடைக்காரர்கள் கொடுக்கும் விளம்பரத் தாளில் இந்த வேலையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்குத் தொலைக்காட்சி வந்த வழியே தனி. சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கியது. அந்த அலை இங்கே எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, கடலைத் தாண்டி அது எங்களிடம் முதலில் வந்தது. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவில் மலையோ கட்டடமோ இல்லாத நீர்ப்பரப்பு அதற்கு நல்ல பாதை. அப்பா இரும்புக் குழாயில் ஆன்டெனாவை ஏற்றி, மன்னார் திசைக்குத் திருப்பிக் கட்டியிருந்தார். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இலங்கையின் அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டமும் அடித்தார். நான் கூரைமேல் நின்று குழாயைத் திருப்ப, கீழே அப்பா "போதும், போதும், அங்கேயே பிடி" என்று சத்தம் போட, கடைசிப் பத்து ஓவரில் பாதியைக் குழாயைக் கட்டிப்பிடித்தபடி காதால்தான் கேட்டேன். புரியாத சிங்கள வர்ணனை. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது அந்தக் குரலிலேயே தெரிந்தது. பின்னால் ராமேஸ்வரத்தின் தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து அலை வந்தது. 323 மீட்டர் உயரம், நாட்டின் மிக உயரமான கட்டுமானங்களில் ஒன்று. அதன்பிறகு ஆன்டெனாவைத் திருப்பும் வேலை குறைந்தது. காற்றைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை.

அக்காளிடம் நான் முதலில் சொன்னதும் காற்றைப் பற்றித்தான். நமக்கு ஆண்டில் இரண்டு காற்று. வைகாசிக்குமேல் கச்சான், தென்மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வரும். ஐப்பசியில் வாடை, மழையோடு வரும். கச்சான் டிஷ்ஷை அசைக்கும். வாடை சிக்னலை அடைக்கும். இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து.

வாடையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கூரையில் வைக்கும் சிறிய டிஷ் கேயூ பேண்ட் என்னும் அலைவரிசையில் வேலை செய்கிறது. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். கேபிள் நிறுவனங்களின் தலைமை நிலையத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு அடிக் குடைகள் பிடிப்பது சி பேண்ட். அதன் நீளம் ஏழரை சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அலை குட்டையாக இருந்தால் மழைத்துளி அதை விழுங்கிவிடும், நீளமாக இருந்தால் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். அதனால்தான் அடைமழையில் நம் வீட்டு டிஷ் "சிக்னல் இல்லை" என்று காட்டும் அதே நிமிடத்தில், எதிர்வீட்டுக் கேபிளில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று என் டிஷ் காலையில் போனது, இரவு வரை வந்து வந்து போனது. தெருவில் கேபிள் வைத்திருந்தவர்கள் கரண்ட் இருந்தவரை பார்த்தார்கள்.

இந்தக் 'கரண்ட் இருந்தவரை' என்பதுதான் கேபிளின் பலவீனம். டிஷ்ஷுக்குத் தேவையான மின்சாரம் முழுவதும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்வர்ட்டர் இருந்தால் ஊரே இருட்டாக இருந்தாலும் படம் வரும். கேபிளுக்கு அப்படியில்லை. தலைமை நிலையத்திலிருந்து கண்ணாடி இழையில் வரும் சிக்னல், தெருமுனைப் பெட்டியில் மாறி, அங்கிருந்து கறுப்பு ஒயரில் வீடுவீடாகப் பிரிகிறது. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் நம் வீட்டு இன்வர்ட்டரால் ஒரு பயனும் இல்லை. காற்றில் தென்னை மட்டை விழுந்து ஒயர் அறுந்தால், அதை இணைக்க ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். மழை விட்ட அரைமணியில் டிஷ் தானாக எழுந்துவிடும். அறுந்த கேபிள் எழாது. கஜா புயல் நேரத்தில் எங்கள் உறவினர் வீட்டில் ஐந்து நாள் கேபிள் வரவில்லை. கேபிள்காரரைக் குறை சொல்லமாட்டேன். அவர் வீட்டுக்கூரையையே அவர் அப்போதுதான் தேடிக்கொண்டிருந்தார்.

இனி கச்சான். அறுபது சென்டிமீட்டர் டிஷ் ஒன்று வானத்தில் பார்க்கும் வட்டம் மிகச் சிறியது. இரண்டு டிகிரி நகர்ந்தாலே படம் போய்விடும். பிரதான செயற்கைக்கோள்களில் ஒன்றான ஜிசாட்-15 கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. மண்டபத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்குப் பக்கமாக, எழுபது டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சிவானத்தில். இதில் ஒரு நல்லது உண்டு. பக்கத்து மாடியோ தென்னையோ மறைப்பதற்கு வாய்ப்புக் குறைவு. அதனால் டிஷ்ஷை மொட்டைமாடியின் நடுவில், காற்றுக்கு நெஞ்சைக் காட்டியபடி வைக்கவேண்டிய கட்டாயமில்லை. கைப்பிடிச் சுவரின் உட்பக்கம், தென்மேற்குக் காற்று நேராக மோதாத மூலையில் வைக்கலாம். பொருத்த வருகிறவர் இதைச் செய்யமாட்டார். அவருக்கு வேலை சீக்கிரம் முடியவேண்டும். நாம்தான் பக்கத்தில் நின்று இடத்தைக் காட்டவேண்டும்.

காற்றைவிட மோசமான எதிரி உப்பு. போன ஆவணியில் என் டிஷ்ஷைக் கழற்றினேன். குழாயின் அடியில் தகடு, கையால் அழுத்தியதும் அப்பளம்போல் உடைந்தது. டிஷ்ஷின் முன்னே நின்று சிக்னலை வாங்கும் எல்என்பியின் திருகுமுனையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சைபூத்து, நுனியில் வெள்ளை உப்புப் படிந்திருந்தது. வைத்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. மழையில் சிக்னல் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, உண்மையில் அந்தப் பச்சைக் கம்பியால் வந்தது. புது முனை போட்டதும் சாதாரணத் தூறலில் படம் போவது நின்றது. பெருமழைக்கு மட்டும்தான் இப்போது போகிறது. எனவே உப்புக்காற்று ஊரில் டிஷ் வைக்கிறவர்கள் மழையைத் திட்டுவதற்குமுன் முனையைக் கழற்றிப் பார்க்கவேண்டும். படகு எஞ்சினுக்குப் போடும் கிரீஸையே திருகுகளில் தடவி, முனைமேல் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றினால் இரண்டு வாடையைத் தாங்கும். குழாயின் அடிக்கு, ஃபைபர் படகு ஒட்டும் பிசினை ஒரு பூச்சுக் கொடுக்கலாம். மச்சானுக்கு இந்த வேலை என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்ச் மத்தியிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சில நிமிடம் படம் போகும். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்பதால் ஏற்படுவது அது. அதற்காக ஆளைக் கூப்பிட்டு முந்நூறு ரூபாய் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பணக்கணக்குக்கு வருகிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019இல் கொண்டுவந்த விதிப்படி, கேபிளானாலும் கட்டண டிஷ்ஷானாலும் மாத இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், 18 விழுக்காடு வரி சேர்த்து 153 ரூபாய் 40 காசு என்று இருந்தது. அதற்குமேல் கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை. 2024இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். நடைமுறையில் சிறு ஊர்களில் கேபிள் இன்றும் டிஷ்ஷைவிடச் சற்று மலிவு. ஆனால் எனக்கு விலையைவிடப் பெரியதாகத் தெரிவது வேறு. கேபிளில், நின்றுபோனால் கூப்பிட ஒரு முகம் இருக்கிறது. பணம் நாலு நாள் தாமதமானால் தெரிந்த மனிதர் பொறுத்துக்கொள்வார். மீன்பாடு இல்லாத மாதத்தில் இது சிறிய விஷயமில்லை. கட்டண டிஷ் தேதி முடிந்த அன்றே கதவை மூடிவிடும். மூன்று ஆண்டுக்கு முன் மீன்பிடித் தடைக்காலத்தில் என் டிஷ்ஷில் காசு தீர்ந்து, வாடிக்கையாளர் எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், எல்லாருமே ஏறக்குறைய அப்படித்தான்.

காசே கேட்காத ஒன்றும் இருக்கிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். 2004இல் தொடங்கியது. டிஷ்ஷும் பெட்டியும் சேர்த்து ஒருமுறை இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், மாதச் சந்தா கிடையாது. அத்தை பார்க்கும் பெரிய தொடர்ச் சேனல்கள் அதில் இல்லை. டிடி தமிழ் இருக்கிறது, முன்பு பொதிகை என்றிருந்ததுதான். அத்தைக்கு மட்டும் என்றால் இந்த டிஷ்ஷை நான் சொல்லவே மாட்டேன். ஆனால் மருமகனுக்காக ஒரு காரணம் உண்டு. 2007இல் வந்த சட்டப்படி, இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களின் ஒளிபரப்பை உரிமை வாங்கிய தனியார் நிறுவனம், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். 2017இல் உச்சநீதிமன்றம் அதற்கு ஓர் எல்லை போட்டது. அப்படிப் பகிரும் ஆட்டத்தைத் தூர்தர்ஷன் தன்னுடைய தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளிலும் டிஷ்ஷிலும் அல்ல. அதனால் கேபிளில் தூர்தர்ஷனைத் திருப்பி "ஆட்டம் வரவில்லையே" என்று தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஃப்ரீ டிஷ்ஷில் அதே ஆட்டம் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கும். வர்ணனை பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஐபிஎல்லுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தமிழ் வர்ணனையோடு ஐபிஎல் வேண்டுமென்றால் கட்டணச் சேனலோ செயலியோதான்.

ஐபிஎல் எங்கள் கடற்கரைக்கு மட்டும் ஒரு தனி அர்த்தத்தோடு வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆட்டங்கள் பெரும்பகுதி அதற்குள் விழுகின்றன. ஆண்டு முழுவதும் கடலில் இருக்கிற மச்சான் அந்த இரண்டு மாதம்தான் தொடர்ந்து மகனோடு உட்காருகிறார். படகைக் கரையேற்றி வண்ணம் பூசிவிட்டு, கையில் மண்ணெண்ணெய் வாசனையோடு ஏழரை மணிக்கு வந்து சேருவார். அந்த மாதங்களில் வாடை இல்லை, மழை இல்லை. கச்சான் ஏறுவதற்குள் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே ஐபிஎல்லுக்காக மட்டும் பார்த்தால் மூன்று வழியும் சமம் என்று தோன்றும். ஆனால் இணையம் இங்கேதான் சறுக்குகிறது.

இணைய ஒளிபரப்பு, படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, சில துண்டுகளைச் சேமித்துக்கொண்ட பிறகே காட்டத் தொடங்கும். செயற்கைக்கோளுக்கு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே போய்த் திரும்பக் கால் நொடிதான் ஆகிறது. இந்தத் துண்டு வேலைக்கோ அரை நிமிடம் வரை ஆகிவிடுகிறது. தனி வீட்டில் இருப்பவருக்கு இது தெரியாது. நம் தெருக்களில் சுவரோடு சுவர். போன சீசனில் ஒரு கடைசி ஓவரை நான் செயலியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடிவரத் தொடங்குகிறார். அதற்குள் கேபிள் வைத்திருக்கும் இரண்டு வீடுகளிலிருந்தும் கூச்சல். அந்தப் பந்து என்னவாயிற்று என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. மிச்சப் பந்துகளையும் அப்படியே, முடிவு தெரிந்த கதையாகப் பார்த்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. மகனும் அப்பாவும் ஆண்டில் இரண்டு மாதம் சேர்ந்து உட்காரும் வீட்டுக்கு இந்த அரை நிமிடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தரவுக் கணக்கும் இருக்கிறது. ஹெச்டி தரத்தில் ஒரு மணிநேரத்துக்கு ஏறக்குறைய மூன்று ஜிபி. ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஜிபிக்குமேல். நாளுக்கு இரண்டு ஜிபி கொடுக்கும் கைபேசித் திட்டத்தைக் கொண்டு பெரிய திரையில் பார்ப்பது நடக்காது. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வேண்டும். மருமகன் படிப்புக்காக அதை எப்படியும் போடப்போகிறார்கள் என்றால், அத்தை தவறவிட்ட தொடரை மறுநாள் பார்க்க அதைவிட வசதி வேறில்லை. தொலைக்காட்சிக்காக மட்டும் என்றால் வேண்டாம். கைபேசிக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கரண்டும் கேபிளும் போன நாளில், செய்திச் சேனல்கள் யூடியூபில் நேரலையாக இலவசமாகவே ஓடுகின்றன. டவர் இருந்தால் அக்காளின் நான்கு மணி வரி அதில் கிடைக்கும்.

டிவியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 43 அங்குலம் போதும், ஏழடி தள்ளி உட்கார இடமிருக்கிறது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது, சின்னதற்கும் பெரியதற்கும் இப்போது ஒரே வரி. நான்கு கே திரையைக் கடையில் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே ஓட்டுவது அதற்கென்றே எடுத்த படம். தெளிவு குறைந்த பழைய எஸ்டி கேபிள் பெட்டியை அதில் சொருகினால் பந்து ஒரு கலங்கிய புள்ளியாகத்தான் தெரியும். எந்த இணைப்பானாலும் ஹெச்டி பெட்டி கேட்டு வாங்க வேண்டும். வடக்கு ஜன்னலுக்கு நேரே டிவியை மாட்டக்கூடாது. கடற்காற்று பின்பக்கத் துளைகள் வழியே உள்ளே போய், சர்க்யூட் பலகையில் உப்பு ஏறிவிடும்.

அக்காளுக்கு நான் கொடுத்த முடிவு இது. முதன்மை இணைப்புக் கேபிள், ஹெச்டி பெட்டியோடு. அவர்கள் தெருவுக்கு வரும் கேபிள்காரர் மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறார், அதுதான் என்னை அந்தப் பக்கம் சாய்த்தது. அவர் வேறு ஊர்க்காரராக இருந்திருந்தால் கட்டண டிஷ் என்றே சொல்லியிருப்பேன். தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை இலவசச் சேனல்கள் என்பதால் அடிப்படைக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். அத்தையின் சேனல்களுக்கும் ஒரு தமிழ் விளையாட்டுச் சேனலுக்கும் மட்டும் தனியாகக் கட்டினால் போதும். கபடிப் பருவம் முடிந்தால் விளையாட்டுச் சேனலை நிறுத்திக்கொள்ளலாம். கூடவே மாடியில் ஒரு ஃப்ரீ டிஷ். மழையில் கேபிள் கைகொடுக்கும், காற்றுக்குப் பிறகு டிஷ் கைகொடுக்கும். இந்திய அணி ஆட்டம் எப்படியும் இலவசம். இன்வர்ட்டர் இணைப்பை டிவி மாட்டும் சுவருக்கும் இழுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

அத்தைக்கு இரண்டு பெட்டி, இரண்டு ரிமோட் என்பது மட்டும் பிடிக்கவில்லை. எதை அழுத்தினால் எது வரும் என்று குழம்பும் என்கிறார். கேபிள் ரிமோட்டில் சிவப்புத் துணி சுற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை படகு கரையில் இருக்கும். அன்று மச்சானும் நானும் மாடியேறி, கைப்பிடிச் சுவரின் உள்மூலையில் குழாய்க்கு இடம் குறிக்கப் போகிறோம். கிரீஸும் பிசினும் அவர் கொண்டுவருகிறார்.